இருவாட்சிக் கணக்கெடுப்பில் ஒராங் அஸ்லி மக்களின் பங்கு

பேராக் மாநிலத்தின் வடபகுதியிலுள்ள பெலும்–தெமெங்கோர் மழைக்காட்டில் மலேசியாவின் 10 வகை இருவாட்சிப் பறவைகளும் வாழ்கின்றன. இக்காட்டின் வடபகுதி 2007ஆம் ஆண்டில் 117,500 ஹெக்டேர் பரப்பில் அரச பெலும் மாநிலப் பூங்காவாயிற்று. தெற்கிலுள்ள தெமெங்கோர்க் காப்புக்காட்டிலோ மரம் வெட்டுவதற்கு இன்றும் இடமுண்டு.

இருவாட்சி தானே பொந்து குடைவதில்லை. முதுமரங்களில் இயல்பாக அமைந்த பொந்துகளையே நாடுகிறது. பெண்பறவை அதனுள் தன்னை அடைத்துக்கொண்டு அடைகாக்க, ஆண்பறவை இரை கொணர்ந்து ஊட்டுகிறது. ஆகவே, கூடுள்ள மரமொன்று வீழ்ந்தால் ஒரு குடும்பமே அழியக்கூடும். அத்தகைய மரங்களை நன்கறிந்தோர் அங்கு வாழும் ஒராங் அஸ்லி மக்களே. மலேசிய இயற்கைக் கழகத்தின் இருவாட்சிக் கணக்கெடுப்பிலும் அவர்கள் பங்கேற்றுள்ளனர். அவர்களை வழிகாட்டிகள் என்று மட்டும் சுட்டுவது பொருந்தாது. உடனாய்வாளர் என்றே நாம் குறித்தல் வேண்டும்.