கைகோத்து வழியடைப்போம்! (சடுகுடுவில் தடுப்பாட்டம்)

சடுகுடு என்றவுடன் நம் மனக்கண்முன் தோன்றுபவள் யார்? "கபடி, கபடி" என்று மூச்சு விடாமல் பாடியவாறு எதிரணியின் எல்லைக்குள் புகுந்து, இருவரைத் தொட்டுவிட்டு, மின்னலெனத் திரும்பி ஓடிவரும் வீராங்கனை அன்றோ? கூட்டத்தின் கைதட்டல் அவளுக்கே. பரிசளிப்பு விழாவில் கோப்பையை வாங்க மேடையேறுபவளும் பெரும்பாலும் அவளே. ஆனால் அவளை எதிர்கொண்டு கைகோத்து நிற்கிறார்களே எழுவர், அவர்களைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. பாடிச் செல்வது ஒரு கலை என்றால், பாடி வருபவளைத் திரும்ப விடாமல் தடுப்பதும் ஒரு கலையே. சென்ற ஆண்டு அடைந்த ஒரு தோல்வியிலிருந்து எங்கள் பள்ளி அணி இக்கலையைக் கற்றது. நாங்கள் கற்றதை இங்கே எல்லாரும் அறிய எழுதுகிறோம்.

களமும் விதியும்

சடுகுடு நம் தமிழ்நாட்டின் மாநில விளையாட்டு. 'கை பிடி' என்பதே கபடி என மருவியது என்று கூறுவாரும் உளர். மகளிருக்கான ஆடுகளம் 12 மீட்டர் நீளமும் 8 மீட்டர் அகலமும் உடையது. நடுக்கோடு இதனை இரு பாதிகளாகப் பிரிக்கிறது. எனவே ஓர் அணி காக்க வேண்டிய நீளம் 6 மீட்டர்தான். நடுக்கோட்டிலிருந்து 3 மீட்டர் தள்ளி 'பாக்' கோடும், அதற்கு அப்பால் 1 மீட்டர் தள்ளிப் போனஸ் கோடும் வரையப்பட்டிருக்கும். இரு பக்கங்களிலும் ஒரு மீட்டர் அகலத்திற்கு 'லாபி' உண்டு. ஒருவரை ஒருவர் தொட்ட பிறகுதான் லாபிக்குள் கால் வைக்கலாம்.

ஓர் அணியில் பன்னிருவர் இருந்தாலும் களத்தில் நிற்பவர் எழுவர். பாடி வருபவளுக்கு 30 வினாடி நேரம். அவள் ஒருமுறையேனும் பாக் கோட்டைக் கடக்க வேண்டும், அல்லது யாரையாவது தொட வேண்டும். தொட்டுவிட்டு நடுக்கோட்டைக் கடந்தால் தொடப்பட்டவர் எத்தனை பேரோ அத்தனை புள்ளிகள் அவள் அணிக்கு. அவளைப் பிடித்து நிறுத்திவிட்டால் நமக்கு ஒரு புள்ளி. ஆறு பேரோ எழுவரோ தடுக்க நிற்கும்போது போனஸ் கோட்டைத் தாண்டி ஒரு காலை ஊன்றி மறுகாலைத் தூக்கினால் அவளுக்குக் கூடுதலாக ஒரு புள்ளி உண்டு. மூவரோ அதற்குக் குறைவானவரோ நின்று அவளைப் பிடித்தால் நமக்கும் கூடுதலாக ஒரு புள்ளி கிடைக்கும்.

இவ்விதிகளுள் நாம் மறக்கக் கூடாதது ஒன்று உண்டு. பிடிபட்டவள் இழுத்துச் செல்லப்பட்டோ விழுந்தோ எப்படியாயினும், அவளது விரல் நுனி நடுக்கோட்டைக் கடந்துவிட்டால் அவள் தப்பியவளே. அது மட்டுமா? அவளைப் பிடித்தவர்கள் அனைவரும் ஆட்டமிழப்பார்கள். ஆகவே அரைகுறையாகப் பிடிப்பது, பிடிக்காமல் இருப்பதைவிட அதிகக் கேடு.

தோல்வி கற்றுத் தந்த பாடம்

சென்ற ஆண்டு குறுவட்டப் போட்டியில் ஒரு புள்ளி வித்தியாசத்தில் நாங்கள் முன்னணியில் இருந்தோம். ஆட்டம் முடியச் சில வினாடிகளே இருந்தன. எதிரணியின் கடைசி வீராங்கனை பாடி வந்தாள். வலது மூலையில் நின்ற எங்கள் தோழி பாய்ந்து அவள் கணுக்காலைப் பற்றினாள். பக்கத்தில் நின்றவளும் நடுவில் நின்றவளும் பின்னாலிருந்து பிடித்தார்கள். ஆயினும் வந்தவள் மூவரையும் இழுத்துக்கொண்டு முன்னால் விழுந்து கையை நீட்டினாள். விரல் நுனி நடுக்கோட்டைத் தாண்டியது. மூன்று புள்ளிகள் போயின. இரண்டு புள்ளி வித்தியாசத்தில் தோற்றோம்.

திரும்பி வரும் வழியெல்லாம் அந்தத் தோழியைத்தான் குறை கூறினோம். "ஏன்டீ அவசரப்பட்டுப் பிடிச்சே?" என்று கேட்காதவர் இல்லை. அவள் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் பயிற்சிக்கும் வரவில்லை.

எங்கள் விளையாட்டு ஆசிரியை எங்களைக் கடிந்துகொள்ளவில்லை. மைதானத்தில் ஒரு குச்சியால் கோடுகளைக் கீறி, அந்தக் கடைசி நொடியில் அவரவர் நின்ற இடத்தில் நிற்கச் சொன்னார். நின்றோம். வராத தோழியின் இடத்தில் ஒரு செங்கல்லை வைத்தார். அப்போதுதான் எங்களுக்கு உண்மை விளங்கிற்று. 'கவர்' எனப்படும் இடங்களில் நின்ற நாங்கள் இருவரும் அடி எடுத்து வைக்காமல் வேடிக்கை பார்த்திருந்தோம். செங்கல்லுக்கும் நடுக்கோட்டுக்கும் இடையே ஒரு மாட்டுவண்டி போகும் அளவுக்கு வழி திறந்து கிடந்தது. "காலை அவள் பிடித்தாள். வழியை யார் அடைத்தீர்கள்?" என்று ஆசிரியை கேட்டார். எங்களிடம் பதில் இல்லை. வண்டியில் அதிகம் பேசியவர்களும் நாங்கள் இருவரே என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறோம். அன்று மாலையே அவள் வீட்டுக்குச் சென்று மன்னிப்புக் கேட்டு அழைத்து வந்தோம்.

எழுவர் நிற்கும் முறை

இடமிருந்து வலமாக எழுவருக்கும் பெயர் உண்டு. இடது கார்னர், இடது இன், இடது கவர், சென்டர், வலது கவர், வலது இன், வலது கார்னர் என்பன அவை. இவர்கள் இருவர், மூவர், இருவர் எனக் கைகோத்து நிற்பதை 2-3-2 அமைப்பு என்பர். கோத்த கைகளுக்குச் சங்கிலி என்று பெயர்.

பாடி வருபவள் நம் இடப்பக்கம் சென்றால், இடப்பக்கத்தார் அவள் கைக்கும் காலுக்கும் எட்டாமல் பின்வாங்க வேண்டும். அதே வேளையில் வலப்பக்கத்தார் கதவு மூடுவதுபோல முன்னோக்கி வளைந்து, அவள் திரும்பும் வழியைக் குறுக்க வேண்டும். அவள் வலப்பக்கம் சென்றால் இதற்கு நேர்மாறு. அவள் ஆழமாக உள்ளே வர வர, அவளுக்கும் நடுக்கோட்டுக்கும் இடையே கவர்கள் வந்துவிட வேண்டும். அதற்குப் பிறகே கார்னர் பிடிக்க வேண்டும். முதலில் வழி, பிறகு பிடி. இதுவே தடுப்பாட்டத்தின் உயிர்நாடி எனலாம்.

அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் ஒருவகைக் கால்பந்து ஆடுகிறார்கள். அதில் பந்தைக் கையில் ஏந்திக்கொண்டு ஓடுவார்கள். ஓடுபவனைத் தடுக்கும் பதினொருவரும் பந்தையே துரத்தினால், அவர்கள் விட்டுவந்த இடைவெளியில் அவன் புகுந்து ஓடிவிடுவான். ஆகவே இன்ன இடைவெளி இன்னாருடையது என்று பயிற்சியாளர் பிரித்துக் கொடுக்கிறார். அவரவர் தம் இடைவெளியை அடைத்து நின்றால் ஓடுபவனுக்குப் போக வழியிராது. கடல் கடந்த நாட்டிலும், பந்தே இல்லாத நம் சடுகுடுவிலும் தடுப்பவர் கற்க வேண்டிய பாடம் ஒன்றே என்பது எங்களுக்கு வியப்பாக இருந்தது.

காஞ்சிபுரத்துப் பிள்ளைகளாகிய நமக்கு இதை விளக்கத் தறியே போதும். கோர்வைச் சேலையில் கரைக்கு ஒரு நிறம், உடலுக்கு ஒரு நிறம். அதை ஒருவரே நெய்ய இயலாது. கரை நாடாவைத் தள்ளப் பக்கத்தில் மற்றொருவர் உட்கார வேண்டும். சேலையைப் பார்ப்பவர் நெய்தவர் ஒருவர் என்றே நினைப்பார். பக்கத்தில் இருந்தவர் ஒரு முறை கவனம் தவறினாலும் கரையும் உடலும் சேராமல் போகும். கார்னருக்குக் கவர் அப்படித்தான்.

நாங்கள் செய்யும் பயிற்சி

முதல் வாரம் யாரையும் பிடிக்க எங்களுக்கு அனுமதியில்லை. கைகோத்தபடி முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் நடந்தோம். சங்கிலி அறுந்தால் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். விரல்களைப் பின்னிக்கொள்ளாமல் உள்ளங்கையைப் பற்றுவதே எங்கள் வழக்கம். பின்னிய விரல்கள் இழுபட்டால் சுளுக்கிக்கொள்ளும்.

இரண்டாம் வாரம் ஒருத்தி மெதுவாகப் பாடி வருவாள். அப்போதும் பிடிக்கக் கூடாது. அவள் எங்கு திரும்பினாலும் வழி அடைபட்டிருக்க வேண்டும். ஆசிரியை திடீரென விசில் ஊதுவார். எல்லாரும் சிலைபோல் நின்று, நடுக்கோட்டுக்குத் திறந்த வழி உண்டா என்று நாங்களே பார்த்துக்கொள்வோம். எங்களுக்கு மிகுந்த பயன் தந்தது இப்பயிற்சிதான்.

மூன்றாம் வாரம்தான் பிடி. பாடி வருபவள் இரு கால்களையும் ஊன்றி எங்களைப் பார்த்து நிற்கையில் பிடிப்பது வீண். அவள் காலை நீட்டி ஒற்றைக் காலில் நிற்கும் நொடி, உடலைத் திருப்பும் நொடி, மூச்சுத் தளரும் நொடி, இம்மூன்றே தக்க சமயம். யாரும் கூச்சலிடக் கூடாது. பக்கத்தில் இருப்பவளின் கையை ஒருமுறை அழுத்தினால் "நான் வந்துவிட்டேன், நீ பிடி" என்று பொருள்.

பிடிகளும் பாதுகாப்பும்

கணுக்கால் பிடி, முழங்கால் பிடி, தொடைப் பிடி, இடுப்புப் பிடி எனப் பிடிகள் பல. காலைப் பிடிக்கும்போது இரு கைகளாலும் பிடிக்க வேண்டும். தலையை அவள் முழங்காலுக்கு நேரே கொண்டுபோகாமல் பக்கவாட்டில் ஒதுக்கிக்கொள்ள வேண்டும். இல்லையேல் முழங்கால் இடித்து முகத்தில் அடிபடும். வாயைப் பொத்துவதும், முடியையோ ஆடையையோ பிடித்து இழுப்பதும் விதிக்குப் புறம்பானவை. நகங்களை ஒட்ட வெட்டியிருக்க வேண்டும். உடலில் எண்ணெய் தடவக் கூடாது. இவற்றையெல்லாம் கடைப்பிடித்தால் சடுகுடு முரட்டு ஆட்டம் என்ற அச்சம் பெற்றோருக்கு வேண்டியதில்லை.

உலக அரங்கில்

ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் ஆடவர் கபடி 1990இல் பெய்ஜிங்கிலும், மகளிர் கபடி 2010இல் குவாங்சோவிலும் முதன்முதலாக இடம்பெற்றன. 2010, 2014 ஆகிய இரு முறையும் நம் மகளிரே தங்கம் வென்றனர். ஆனால் 2018ஆம் ஆண்டு ஜகார்த்தாவில் ஈரான் மகளிரிடம் 27-24 என்று தோற்றனர். ஈரான் அணிக்குப் பயிற்சியளித்தவர் யார் தெரியுமா? நம் நாட்டின் நாசிக் நகரைச் சேர்ந்த சைலஜா ஜெயின் என்னும் அம்மையாரே! ஆட்டத்துடன் யோகாசனமும் மூச்சுப் பயிற்சியும் அவர் கற்றுக் கொடுத்தார். தலையை முழுதும் மறைக்கும் உடையணிந்தே அப்பெண்கள் ஆடி வென்றனர். உடையை எண்ணித் தயங்கும் தோழியர் இதை நினைவில் கொள்க. பின்னர் 2023இல் ஹாங்சோவில் நம் மகளிர் சீனத் தைபே அணியை 26-25 என்று வென்று தங்கத்தை மீட்டனர். ஒரே ஒரு புள்ளி! ஒரு பிடியின் விலை அதுவன்றோ?

தமிழ்நாட்டிலும் எடுத்துக்காட்டுகளுக்குக் குறைவில்லை. தஞ்சை மாவட்டத்தைச் சேர்ந்த தர்மராஜ் சேரலாதன் மூலையில் நின்று தடுப்பதிலேயே பெயர் பெற்றவர். 2016இல் உலகக் கோப்பையை வென்ற இந்திய அணியில் இடம்பெற்றவர். சென்னைக் கண்ணகி நகரைச் சேர்ந்த கார்த்திகா, 2025இல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்ற இந்தியப் பெண்கள் அணியில் ஆடினார். வசதியான வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டுமே உரிய விளையாட்டு அன்று இது. ஒரு மைதானமும் கைகொடுக்க ஆறு தோழியரும் இருந்தால் போதும்.

முடிவாக

இவ்வாண்டும் குறுவட்டப் போட்டிக்குச் சென்றோம். முதல் ஆட்டத்தில் அதே தோழி அதே மூலையில் நின்றாள். கையை அழுத்திய பிறகே பிடித்தாள். வந்தவள் திரும்பிப் பார்த்தபோது எங்கும் வழியில்லை. நடுவரின் விசில் ஊதிற்று. அந்த ஆட்டத்தில் வென்றோம். அடுத்த ஆட்டத்தில் எங்களைவிடச் சிறந்த அணியிடம் தோற்றோம். ஆனால் திரும்பும் வழியில் யாரும் யாரையும் குறை கூறவில்லை. பாட்டுப் பாடிக்கொண்டே வந்தோம்.

ஓர் உடலின் உறுப்புகள் பலவாயினும் ஒன்றுக்கொன்று இன்றியமையாதவை என்று புனித சின்னப்பர் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தில் விளக்குவதை மறைக்கல்வி வகுப்பில் படித்திருக்கிறோம். அதன் பொருள் எங்களுக்கு மைதானத்தில்தான் நன்கு விளங்கிற்று. வீட்டிலோ வகுப்பிலோ ஒருத்தி தவறும்போது, "நீ ஏன் விட்டாய்?" என்று கேட்பதற்கு முன்னால், "அப்போது நாம் எங்கே நின்றோம்?" என்று நம்மையே கேட்டுக்கொள்வோமாக. கைகோத்து நிற்க இறைவன் நமக்கு அருள்புரிவாராக!

— பத்தாம் வகுப்பு மாணவி, ஏனாத்தூர்