நாரைக் கூடுகளை எண்ணுவோர்

பாசிர் ரிஸ் பூங்காவிலும் சுங்கை பூலோவிலும் கழுத்தை மடக்கிக்கொண்டு, சிலைபோல அசையாமல் நிற்கும் சாம்பல் நாரையைப் பலர் பார்த்திருப்பர். இதே இனப் பறவை பிரிட்டனின் ஆற்றங்கரைகளிலும் வாழ்கிறது. அங்கே அதன் கூடுகளைத் தொண்டூழியர்கள் 1928ஆம் ஆண்டு முதல் எண்ணி வருகின்றனர். பறவைகளின் இனப்பெருக்கத்தைப் பதிவுசெய்யும் கணக்கெடுப்புகளில் உலகிலேயே மிக நீண்ட காலம் நடந்துவருவது இதுதான்.

இப்பணியைத் தொடங்கியவர் மேக்ஸ் நிக்கல்சன் என்னும் பறவை ஆர்வலர். அப்போது அவர் இருபதுகளில் இருந்த இளைஞர். நாரைகளை எண்ணாமல் கூடுகளை எண்ணுவது ஏன்? இரைதேடும் நாரை காலையில் ஆற்றின் ஒரு வளைவில் நிற்கும். மாலையில் வேறோர் இடத்தில் நிற்கும். ஒரே பறவையை இருமுறை எண்ணிவிட வாய்ப்புண்டு. கூடு அப்படி இடம் மாறுவதில்லை. இனப்பெருக்கக் காலத்தில் பல இணைகள் உயர்ந்த மரங்களில் கூட்டமாகக் கூடு கட்டுகின்றன. பெரும்பாலும் ஆண்டுதோறும் அதே மரங்களுக்கே திரும்பி வருகின்றன. பறவைகள் தங்கியுள்ள ஒரு கூட்டை ஓர் இணையாகக் கொள்ளலாம்.

மரங்களில் இலை அடர்வதற்குமுன், ஏப்ரல் மாத வாக்கில், தொண்டூழியர்கள் தொலைநோக்கியுடன் செல்வர். பழைய வெற்றுக்கூட்டையும் பறவை தங்கியுள்ள கூட்டையும் பிரித்தறிவதே இதில் கடினமான வேலை. மரத்தடியில் புதிய வெண்ணிற எச்சமோ நீலநிற முட்டை ஓட்டின் துண்டுகளோ கிடக்கின்றனவா, குஞ்சுகளின் குரல் கேட்கிறதா என்று கவனிப்பர். நெடுநேரம் அங்கே நிற்கமாட்டார்கள். தாய்ப்பறவை அஞ்சிப் பறந்தால் காகங்கள் முட்டைகளைத் தூக்கிச் சென்றுவிடும். எண்ண வந்தவரே கூட்டை அழித்தவர் ஆகிவிடக்கூடாது அல்லவா? கூடே இல்லாவிட்டால் 'பூச்சியம்' என்று எழுதி அனுப்ப வேண்டும். பார்க்க எதுவும் இல்லையே என்று பலர் இதை விட்டுவிடக்கூடும். ஆனால், நாரைகள் ஓரிடத்தைக் கைவிட்டதைக் காட்டுவது அந்தப் பூச்சியம்தான்.

1962-63 குளிர்காலத்தில் பிரிட்டனின் ஆறுகளும் குளங்களும் பல வாரங்கள் உறைந்து கிடந்தன. மீன் பிடிக்க முடியாமல் நாரைகள் மடிந்தன. அவற்றின் எண்ணிக்கை ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. முந்தைய கடுங்குளிர்களுக்குப் பின் சில ஆண்டுகளிலேயே அவை மீண்டதைப் பழைய பதிவுகள் காட்டின. இம்முறை மீட்சி மெதுவாகவே இருந்தது. குளிரைத் தவிர வேறொரு காரணமும் இருக்கலாம் என்ற ஐயம் எழுந்தது. அக்காலத்தில் நாரைகளை ஆராய்ந்தவர்கள், அவற்றின் உடலில் பூச்சிக்கொல்லி நஞ்சு சேர்ந்திருப்பதைக் கண்டனர். வயல்களில் தெளித்த மருந்து நீரில் கலந்து, மீன்கள் வழியாக நாரைகளை அடைந்திருந்தது. முட்டை ஓடுகள் மெலிந்து, சில கூட்டிலேயே உடைந்தன. பின்னர் அத்தகைய மருந்துகளின் பயன்பாடு படிப்படியாகத் தடைசெய்யப்பட்டது. நாரைகளும் மெல்லப் பெருகின.

இப்போது தொண்டூழியர்களுக்கு வேலை சற்றுக் கூடியிருக்கிறது. 1996ஆம் ஆண்டில் சின்ன வெண்கொக்கு முதன்முறையாகப் பிரிட்டனில் கூடு கட்டியது. அது பெரும்பாலும் நாரைகள் வாழும் மரங்களையே நாடுவதால், அதன் கூடுகளையும் சேர்த்தே அவர்கள் எண்ணுகின்றனர்.