கம்பம் பள்ளத்தாக்கின் அசுவினிகள்

கம்பம் பள்ளத்தாக்கின் அசுவினிகள் என்பவை தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்கிலும் அதனை அடுத்த மலைகளிலும் பயிர்களின் சாற்றை உறிஞ்சி வாழும் சிறு பூச்சிகளாகும். இவை செடிப்பேன் எனவும் அழைக்கப்படும். முல்லைப் பெரியாற்றுப் பாசனம் பெறும் மார்க்கையன்கோட்டை, சின்னமனூர் வட்டாரத்தில் வாழையும், மேற்கே கேரளத்தின் ஏலமலைகளில் ஏலமும் பயிராகின்றன. இவ்விரு பயிர்களைத் தாக்கும் அசுவினிகள் நெடுங்காலம் ஒரே இனமாகக் கருதப்பட்டன.

இனங்கள்

வாழை அசுவினியின் அறிவியற் பெயர் பென்டலோனியா நைக்ரோநெர்வோசா. கருநரம்பு எனப் பொருள்படும் இப்பெயர் அதன் இறக்கை நரம்புகளின் கருநிற ஓரத்தால் அமைந்தது. இதனை 1859 ஆம் ஆண்டு கோக்கரெல் விவரித்தார். ஏலம், சேம்பு முதலியவற்றில் வாழும் பென்டலோனியா கலாடியை 1917 இல் வான் டெர் கூட் விவரித்தார். பின்னர் இது வாழை அசுவினியின் ஒரு வடிவமாகவே கொள்ளப்பட்டது. உடல் அளவுகளையும் டி.என்.ஏ. வேறுபாடுகளையும் ஒப்பிட்ட ஆய்வாளர்கள் 2010 இல் இது தனி இனமே என நிறுவினர்.

பரப்பும் நோய்கள்

வாழை அசுவினி முடிக்கொத்து நோயின் தீநுண்மத்தைப் பரப்புகிறது. நோயுற்ற வாழையின் இலைகள் குறுகி, நிமிர்ந்து, உச்சியில் கொத்தாக நிற்கும்; இளமையில் தாக்குண்ட மரம் குலை தள்ளாது. தீநுண்மத்தைப் பெற்ற அசுவினி தன் வாழ்நாள் முழுவதும் அதனைப் பரப்ப வல்லது. திண்டுக்கல் மாவட்டத்தின் கீழ்ப் பழனி மலைகளில் விருப்பாச்சி மலைவாழையின் பெரும்பகுதி இந்நோயால் அழிந்தது.

ஏலத்தில் அசுவினி பரப்புவது கட்டே நோயாகும். இலையில் வெளிர்பச்சைக் கோடுகள் தோன்றித் தூர் நலிவடையும். இங்கு அசுவினி சில நிமிடங்களிலேயே தீநுண்மத்தைப் பெற்றுப் பரப்பி, விரைவில் அதனை இழந்தும் விடுகிறது. ஆதலின் பூச்சிக்கொல்லி மட்டும் போதிய பயன் தராது. கலாடி இனமும் முடிக்கொத்து நோயைப் பரப்ப வல்லது என ஆய்வகச் சோதனைகள் காட்டியுள்ளன. எனவே வாழைத் தோட்டத்தருகே சேம்பு இருப்பின் அதனையும் ஆராய்தல் வேண்டும்.

கணக்கெடுக்கும் முறை

நீர் நிரப்பிய மஞ்சள் நிறத் தட்டுகள் இறக்கையுள்ள அசுவினிகளையே கவரும். இறக்கையற்றவற்றை வாழையின் அடிப்பகுதியிலும், இலையுறைகளின் உட்புறத்திலும், விரியாத குருத்திலும் தேட வேண்டும். அசுவினி கழிக்கும் இனிப்பு நீரை நாடி வரும் எறும்புகள் அவற்றின் இருப்பிடத்தைக் காட்டும். சேகரித்தவற்றை 70 விழுக்காடு எரிசாராயத்தில் இட்டு, பயிர், இடம், நாள் ஆகியவற்றைக் குறிக்க வேண்டும். பின்னர் உணர்கொம்பு, உறிஞ்சுகுழல் ஆகியவற்றின் அளவுகள் நுண்ணோக்கியில் ஒப்பிடப்படும். பயிரை மட்டும் கொண்டு இனத்தை முடிவு செய்யலாகாது.

தடுப்பு

இவ்விரு நோய்களுக்கும் மருந்து இல்லை. நோயுற்ற வாழையில் முதலில் அசுவினிகளைக் கொன்ற பின்னரே மரத்தைக் கிழங்குடன் அகற்ற வேண்டும். இல்லையெனில் அவை அடுத்த மரங்களுக்குப் பரவும். நோயற்ற கன்றுகளையோ, தீநுண்மச் சோதனை செய்யப்பட்ட திசு வளர்ப்புக் கன்றுகளையோ நடுதல் நன்று.