உங்களுக்குத் தெரியுமா? 59 நாட்களுக்கு முன்பே வந்த மருந்து

2017 மே 12ஆம் தேதி தலைகாட்டி, சுமார் 150 நாடுகளில் பரவி, ஒரகடத்திலுள்ள ரெனோ–நிசான் கார் தொழிற்சாலையையும், நமக்கு அண்டையிலுள்ள வயநாட்டின் பஞ்சாயத்துக் காரியாலயக் கணினிகளையும் தாக்கி, கோப்புகளைப் பூட்டிவைத்துக்கொண்டு 300 டாலர் கேட்ட ‘வான்னாகிரை’ என்னும் கிருமி நுழைந்த துவாரத்தை அடைக்கும் திருத்தத்தை, மைக்ரோசாஃப்ட் நிறுவனம் அவ்வாண்டு மார்ச் 14ஆம் தேதியே வெளியிட்டிருந்தது!

எவரும் எதையும் திறக்காமலே கணினிக்குக் கணினி தானாகத் தாவும் சக்தி அக்கிருமிக்கு இருந்தமையால், அப்டேட் செய்யாத ஒரே கணினி அலுவலகம் முழுவதற்கும் ஆபத்தாயிற்று. திருத்தம் வெளியானவுடன், பழைய நிரலையும் புதியதையும் ஒப்புநோக்கி, ஓட்டை இருந்த இடத்தை விஷமிகள் கண்டுகொள்ள முடியும் என்பதால், தாமதிக்கும் ஒவ்வொரு நாளும் விபரீதமே.

கோவை கணபதியிலும் பீளமேட்டிலும் உள்ள பட்டறைகளில், ஷிப்ட் நடுவே இயந்திரம் நின்றுவிடுமோ என்றெண்ணி, ‘பிறகு நினைவூட்டு’ என்னும் பொத்தானை அழுத்துபவரின் அச்சம் நியாயமானதே. ஆனால் அப்டேட் செய்வதற்கு வார விடுமுறை நாள் இருக்கிறது. அப்டேட்டுக்கு இடங்கொடாத பழைய சி.என்.சி. இயந்திரமாயின், அதன் கணினியை இணையத்திலிருந்தும் அலுவலக நெட்வொர்க்கிலிருந்தும் பிரித்துவைப்பதே உத்தமம். அங்கே பென் டிரைவ் விஷயத்திலும் ஜாக்கிரதை அவசியம். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டமையால், பில் போடும் கணினியையும் இன்றே பரிசோதித்துவிடுங்கள்.