பிளேடு காற்றில் சுழலும் சத்தம்

அடுப்படி அறிவியல் – 14

கோழிக்கோட்டுக் குளிர்பானக் கடைகளில் வெயில் ஏறும் நேரத்தில் 'டொம்' என்றொரு சத்தம் விட்டுவிட்டுக் கேட்கும். ஃப்ரீசரிலிருந்து எடுத்த பால் பாக்கெட்டைக் கடைக்காரர் மேடையில் ஓங்கி அடிக்கும் சத்தம் அது. உறைந்து இறுகிய பால் பாக்கெட்டுக்குள்ளேயே துண்டு துண்டாக உடைகிறது. அதை மிக்ஸி ஜாரில் கொட்டி, ஞாலிப்பூவன் பழம் இரண்டு மூன்று உரித்துப் போட்டு, சர்க்கரையும் ஒரு கரண்டி ஹார்லிக்ஸோ பூஸ்டோ சேர்த்து அரைத்தால் ஷார்ஜா ஷேக் தயார். பெயரில் வளைகுடா இருந்தாலும் மலபாரில் பிறந்த பானம். உறிஞ்சினால் ஸ்ட்ராவுக்குள் ஏறத் தயங்கும். கடைசி வாய் வரை அதே பதம்.

அந்த ஜாரில் ஒரு ஐஸ் கட்டிகூட விழவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். குளிர்ச்சி, கெட்டித்தன்மை இரண்டையும் பாலே கொண்டுவந்து விடுகிறது. தண்ணீருக்கு அங்கே வேலையே இல்லை.

வீட்டில் நடப்பது வேறு. ஒரு டம்ளர் பால், அறை வெப்பத்தில் இருந்த ஒரு வாழைப்பழம், நாலைந்து ஐஸ் கட்டி. மிக்ஸியை எடுத்த எடுப்பில் மூன்றாவது வேகத்துக்குத் திருப்புகிறார்கள். ஊற்றும்போது நுரை ததும்ப அழகாகத்தான் இருக்கிறது. ஐந்து நிமிடம் கழித்துப் பார்த்தால் மேலே நுரை, நடுவே சக்கை, அடியில் நீர்த்துப்போன பால். பழத்தையோ மிக்ஸியையோ குறை சொல்வதில் பயனில்லை. அந்த டம்ளருக்குள் தேவைக்கு மேல் தண்ணீர் போய்விட்டது, தேவைக்கு மேல் காற்றும் போய்விட்டது.

இப்படிப் பழத்தை அரைத்துக் குடிக்கும் பானம்தான் ஸ்மூத்தி. அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் 1973-ல் 'ஸ்மூத்தி கிங்' கடையைத் தொடங்கியவருக்குப் பால் ஒவ்வாது. சோடாக் கடை மில்க் ஷேக்கைக் குடிக்க முடியாத அவர், பழத்தையும் ஐஸையும் சத்துப் பொடிகளையும் சேர்த்து அரைத்துப் பார்த்ததில் உருவானதுதான் அவருடைய வணிகம். மில்க் ஷேக்கில் கெட்டித்தன்மைக்குக் கவலையே இல்லை. அதில் விழும் ஐஸ்கிரீமின் கொழுப்பும் காற்றும் பனித்துகளும் அந்த வேலையைப் பார்த்துக்கொள்ளும். ஐஸ்கிரீமை எடுத்துவிட்டால் அந்த வேலையை யார் செய்வது? ஸ்மூத்தியின் பதம் பற்றிய எல்லாக் கேள்விகளும் இந்த இடத்தில்தான் தொடங்குகின்றன. சந்தையில் பொடிகளும் பசைகளும் எத்தனையோ வந்துவிட்டன. ஆனால் மிகச் சரியான பதில் உறைந்த பழம்தான்.

வாழைப்பழத்தில் எடைக்கு முக்கால் பங்கு தண்ணீர். மாம்பழத்தில் நூற்றுக்கு 83, அன்னாசியில் 86, பப்பாளியில் 88, தர்பூசணியில் 92. இந்த வரிசையைப் பார்த்தாலே எந்தப் பழம் கெட்டியாக நிற்கும், எது ஓடும் என்பது தெரிந்துவிடும். தர்பூசணியை மட்டும் வைத்துக் கெட்டியான ஸ்மூத்தி செய்யவே முடியாது. உறையவைத்து அரைத்தால் நல்ல பனிக்கூழ் கிடைக்கும், அவ்வளவுதான். வெண்ணெய்ப்பழத்தில் வாழையை விடத் தண்ணீர் சற்றுக் குறைவு, கூடவே நூற்றுக்குப் பதினைந்து அளவில் கொழுப்பு. கொடைக்கானல் மலைச்சரிவிலிருந்து வரும் ஒரு பழத்தில் பாதி போட்டாலே ஜார் முழுவதும் வழுவழுப்பாகிவிடும்.

பழத்தில் இருக்கும் தண்ணீர் சும்மா தளும்பிக்கொண்டிருப்பதில்லை. செல்களுக்குள் அடைபட்டும், செல் சுவரில் உள்ள பெக்டினோடு ஒட்டியும் கிடக்கிறது. அதில் சர்க்கரையும் கரைந்திருக்கிறது. சர்க்கரை கலந்த நீர் பூஜ்ஜியம் டிகிரியில் உறையாது; அதற்கும் கீழே போக வேண்டும். மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசரில் இருக்கும் மாம்பழத் துண்டுக்குள்கூடக் கொஞ்சம் உறையாத பாகு மிச்சம் இருக்கும். ஐஸ் கட்டி பிளேடில் பட்டுத் தெறிக்கும்போது உறைந்த பழம் மட்டும் நொறுங்கிக் குழைவது இதனால்தான். ஐஸ் உருகினால் வெறும் தண்ணீர். உறைந்த பழம் உருகினாலோ பழக்கூழாகத்தான் மாறும்.

பழத்தை உறையவைப்பதில் ஒரு முறை இருக்கிறது. வாழைப்பழத்தைத் தோலோடு ஃப்ரீசரில் வைத்தால் தோல் கறுத்துப் பழத்தோடு ஒட்டிக்கொள்ளும், உரிக்கக் கை நோகும். நன்றாகப் பழுத்து, தோலில் புள்ளி விழுந்த பழமாக எடுத்து உரித்து, விரல் தடிமன் வில்லைகளாக நறுக்கி, ஒன்றோடொன்று ஒட்டாமல் எவர்சில்வர் தட்டில் பரப்பி வைக்க வேண்டும். இறுகியதும் டப்பாவுக்கு மாற்றலாம். ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜின் மேல்தட்டு பெரிய ஃப்ரீசர் அளவுக்குக் குளிராது. அங்கே ஓர் இரவு முழுக்க வைப்பது நல்லது. மெல்ல உறையும் பழத்தில் பனித்துகள்கள் பெரிதாக வளர்ந்து செல் சுவர்களைக் கிழித்துவிடும். அப்படிப்பட்ட பழத்தை வெளியே வைத்து இளகவிட்டால் அடைபட்டிருந்த நீரெல்லாம் கசிந்துவிடும். ஃப்ரீசரிலிருந்து எடுத்த துண்டு நேராக ஜாருக்குப் போக வேண்டும்.

எந்த வாழை என்பதற்கும் பதில் இருக்கிறது. மோரிஸ் நடுத்தரச் சுவை, எதோடும் சேரும். ஏலக்கி மணமாகவும் இனிப்பாகவும் இருக்கும். பூவனில் மெல்லிய புளிப்பு உண்டு, தயிரோடு நன்றாகப் பொருந்தும். நேந்திரத்தில் மாவு அதிகம். கெட்டிப்படும், ஆனால் நாக்கில் களிபோல ஒட்டும். மாம்பழத்தில் பங்கனப்பள்ளி, இமாம்பசந்த் போன்ற நாரில்லாத வகைகளே உகந்தவை. நாட்டு மாம்பழத்தின் நார் எவ்வளவு அரைத்தாலும் ஸ்ட்ராவில் சிக்கும். அதை வடிகட்டிய கூழாக உறையவைப்பதே வழி. கொய்யாவுக்கும் அதேதான்: அரைத்து, விதை நீக்கி, ஐஸ் தட்டில் ஊற்றி உறையவிட்டால் தேவைப்படும்போது நாலு கட்டி எடுத்துக்கொள்ளலாம்.

இனி மிக்ஸி. அதைப் புரிந்துகொள்ள நூறு வருடம் பின்னால் போக வேண்டும்.

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் ரஸீன் என்ற ஊர். நம் வீட்டு அலமாரிகளில் தலைமுறைகளாக இடம்பிடித்திருக்கும் ஹார்லிக்ஸ் வளர்ந்தது அந்த ஊரில்தான். மால்ட் பொடியைப் பாலில் கட்டியில்லாமல் கலக்கித் தரச் சோடாக் கடைகளுக்கு ஒரு கருவி தேவைப்பட்டது. ஸ்டீபன் பாப்லாவ்ஸ்கி என்ற போலந்து வம்சாவளிக்காரர், பாத்திரத்தின் அடியில் சுழலும் பிளேடை வைத்து ஒரு கருவியை உருவாக்கி 1922-ல் காப்புரிமை பெற்றார். பிறகு ஃபிரெட் வாரிங் என்ற இசைக்குழுத் தலைவரின் முதலீட்டில் 1937-ல் சிகாகோ கண்காட்சிக்கு வந்த கருவிதான் பிளெண்டரை உலகறியச் செய்தது. வடிவங்கள் எத்தனை மாறினாலும் பிளேடின் இடம் இன்றுவரை அடிப்பகுதிதான்.

பதத்தின் முக்கியமான பாடம் அந்த அமைப்பிலேயே இருக்கிறது. பிளேடு எங்கும் நகர்வதில்லை. பழம்தான் அதைத் தேடிக் கீழே இறங்க வேண்டும். சுழலும் திரவம் ஓரமாக மேலேறி, நடுவில் குழியாகி, மறுபடி பிளேடின் மேல் விழும். இந்தச் சுழற்சி ஓடும்வரை அரைபடும். கலவை கெட்டியாக ஆக ஆக, ஓரத்துக்கு எறியப்பட்டது அங்கேயே ஒட்டிக்கொண்டு திரும்பி வராது. பிளேடைச் சுற்றி ஒரு காற்றுக் குமிழ் உண்டாகி, மோட்டார் முழு வேகத்தில் ஓடும், ஒன்றும் அரைபடாது.

இந்தியச் சமையலறைக்கு வந்த மேல்நாட்டு பிளெண்டர்கள் நம் அரவைக்குத் தாங்கவில்லை. தேங்காயும் ஊறிய பருப்பும் வறமிளகாயும் அவற்றின் மோட்டாரைச் சுட்டுவிட்டன. அந்த அனுபவத்திலிருந்து 1960-களில் சத்ய பிரகாஷ் மாத்தூர் என்ற பொறியாளர் உருவாக்கியதுதான் சுமீத் மிக்ஸி. தமிழ்நாட்டில் 2011-ல் தொடங்கிய விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறித் திட்டம் எளிய குடும்பங்களின் வீட்டுக்குள்ளும் மிக்ஸியைக் கொண்டுசேர்த்தது. சட்னியும் மசாலாவும் அரைக்கவே பிறந்த இயந்திரம் இது. மோட்டாரின் வலுவில் குறையில்லை. ஆனால் அதன் ஜார் அடியிலும் அகலமானது. பிளெண்டர் ஜாரைப் போலக் கீழே குறுகி, பழத்தைப் பிளேடுக்குத் தள்ளித் தராது. போதாக்குறைக்கு எவர்சில்வர். உள்ளே நடப்பது கண்ணுக்குத் தெரியாது.

கண்ணுக்குத் தெரியாததைக் காதால் அறியலாம். அரைபடும்போது மிக்ஸியின் சத்தம் கனமாக, சீராக இருக்கும். திடீரென்று கீச்சென்று மெலிந்து உயர்ந்தால் பிளேடு காற்றில் சுழல்கிறது என்று பொருள். தாழ்ந்து முனகினால் துண்டு சிக்கியிருக்கிறது. அப்போதும் விடாமல் ஓட்டினால் அடியில் உள்ள சிவப்புப் பொத்தான் துள்ளி வெளியே வரும். இரண்டு சமயத்திலும் செய்ய வேண்டியது ஒன்றே. நிறுத்தி, திறந்து, ஓரத்தில் ஒட்டியதைக் கரண்டியால் நடுவுக்குத் தள்ளி, இரண்டு தேக்கரண்டி பால் விட்டு மறுபடி ஓட்டுவது. இந்த இடத்தில்தான் பலரும் பொறுமை இழந்து அரை டம்ளர் பாலைக் கொட்டிவிடுகிறார்கள். அப்போது கெட்ட பதத்தைச் சரிசெய்ய வீட்டில் மிச்சமிருக்கும் உறைந்த பழத்தைத் தவிர வேறு வழி கிடையாது.

தொடக்க அளவாக 200 கிராம் உறைந்த பழத்துக்கு 100 மில்லி பாலோ தயிரோ போதும். இந்த அளவில் அரைத்தால் இட்லி மாவுப் பதத்துக்கு வரும். கரண்டியால் எடுத்துச் சாப்பிடலாம். டம்ளரில் ஊற்றிக் குடிக்கத் தோசை மாவுப் பதம் வேண்டுமென்றால் இன்னொரு 50 மில்லி, அதுவும் சிறிது சிறிதாக. சுழலும்போது இளகித் தெரிவது டம்ளரில் நின்றதும் சற்று இறுகும். ஜாரில் கொஞ்சம் தளர்வாகத் தெரியும்போதே நிறுத்திவிடலாம்.

ஜாரில் முதலில் விழ வேண்டியது திரவம். அதன் மேல் கீரை, ஊறவைத்த பேரீச்சை, தயிர் போன்ற மெதுவானவை. உறைந்த பழம் எல்லாவற்றுக்கும் மேலே. தன் எடையால் மற்றவற்றைப் பிளேடை நோக்கி அழுத்தும். தலைகீழாகக் கவிழ்த்துப் பொருத்தும் சிறு பிளெண்டர் வைத்திருப்போர் இந்த வரிசையை அப்படியே திருப்பிப் போட வேண்டும். கீரை சேர்ப்பதானால் அதைத் திரவத்தோடு மட்டும் முதலில் நைய அரைத்துவிட்டுப் பிறகு பழத்தைப் போட்டால் பல்லில் சிக்காது. இடப்பக்கம் திருப்பி விட்டுவிட்டு ஐந்தாறு தட்டு, துண்டுகள் உடைந்ததும் முதல் வேகம், பிறகு இரண்டாவது. மூன்றாவது வேகத்துக்குப் பெரும்பாலும் தேவையே வராது. மொத்தம் ஒரு நிமிடத்தைத் தாண்டினால் உராய்வுச் சூட்டில் பனித்துகள் உருகத் தொடங்கும், காற்றும் அதிகம் புகும். ஏடு படிந்த தயிரை நெடுநேரம் ஓட்டினால் வெண்ணெய் திரண்டு மிதப்பதை நம் வீடுகளில் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள்.

கெட்டிப்படுத்தச் சேர்க்கும் பொருள்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கடை ஸ்மூத்திகள் பலவற்றில் சாந்தன் கம் இருக்கிறது. அமெரிக்க வேளாண் துறையின் பியோரியா ஆய்வகத்தில் அலீன் ஜீன்ஸ் என்ற வேதியியலாளரின் குழு ஒரு பாக்டீரியாவின் உதவியால் உருவாக்கிய பசை அது. பாதுகாப்பானதுதான். ஆனால் ஒரு சிட்டிகை கூடினாலும் வழவழவென்று தொண்டையில் இறங்கும். வீட்டுக்கு அது வேண்டாம். ஒரு மேசைக்கரண்டி ஓட்ஸைப் பாலில் பத்து நிமிடம் ஊறவிட்டு அரைத்தாலே போதும், அல்லது துணியில் தொங்கவிட்டு நீர் வடித்த தயிர். மதுரை ஜிகர்தண்டாவுக்குப் போடும் பாதாம் பிசினை இரவே ஊறவைத்து ஒரு கரண்டி கலக்கலாம். சப்ஜா விதையை ஜாரில் போட்டு அரைக்கக் கூடாது. தனியாக ஊறவிட்டு டம்ளரில் சேர்க்க வேண்டும். சியா விதை தன் எடையைப்போலப் பத்து மடங்கு நீரை உறிஞ்சும் என்பதால் நேரம் ஆக ஆக டம்ளர் இறுகிக்கொண்டே போகும்.

அன்னாசி, பப்பாளி, கிவி மூன்றும் தனி ரகம். இவற்றின் பச்சைச் சாற்றில் புரதத்தை உடைக்கும் நொதிகள் உள்ளன. பாலோடும் தயிரோடும் சேர்த்து வைத்தால் சிறிது நேரத்தில் திரியும், கசக்கும். உறையவைப்பதாலும் அந்த நொதிகள் அழிவதில்லை. சூடு பட்டால்தான் அடங்கும். இந்தப் பழங்களுக்குத் தேங்காய்ப்பால் அருமையாகப் பொருந்தும். பசும்பால்தான் வேண்டுமென்றால் அரைத்த கையோடு குடித்துவிட வேண்டும்.

கெட்டியான ஒரு டம்ளருக்குள் இரண்டு பழம் எளிதாக அடங்கிவிடுகிறது, அவற்றின் சர்க்கரையோடு சேர்த்து. பிரிட்டனின் தேசிய சுகாதாரச் சேவை, பழச்சாறும் ஸ்மூத்தியும் சேர்த்து நாளுக்கு 150 மில்லிக்கு மேல் வேண்டாம் என்கிறது. நன்கு பழுத்த பழத்தை உறையவைத்திருந்தால் தனியாகச் சர்க்கரை தேவைப்படாது. வாசகர்கள் அதை ஒருமுறை போடாமலே குடித்துப் பார்க்க வேண்டும். மாம்பழம் மலிந்து கிடக்கும் வாரங்களில் இரண்டு கிலோ கூடுதலாக வாங்கி, நறுக்கி, தட்டில் பரப்பி உறையவைத்துவிடுங்கள். ஆடி தாண்டியும் வரும்.