மழையில் மோட்டார்சைக்கிளும் நனையாத பாதமும்

கள்ளக்குறிச்சியிலிருந்து புறப்பட்டு, கச்சிராயபாளையத்தையும் கோமுகி அணையையும் தாண்டி, கல்வராயன் மலையின் வளைவுகளில் ஏறி வெள்ளிமலையை அடைகிற பாதையில், ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் மோட்டார்சைக்கிளில் பிரயாணம் செய்கிறவர்களைச் சற்றே கவனித்தால் ஒரு விசேஷம் புலப்படும். தலைக்கு ஹெல்மெட் உண்டு. சரீரத்துக்கு மழைக்கோட்டு உண்டு. கைப்பேசிக்குக்கூட ஒரு பாலித்தீன் உறை உண்டு. பாதத்துக்கு மட்டும் பெரும்பாலும் ஒன்றுமில்லை. மலைப் பள்ளிக்கூடத்துக்கு ஏறிச் செல்லும் ஆசிரியரும், சரக்கு கொண்டுபோகும் வியாபாரியும், 2019இல் தனி மாவட்டத்தின் தலைநகரான கள்ளக்குறிச்சிக்கு அலுவல் நிமித்தம் இறங்கி வரும் மலைவாசியும், பாதத்தை மழைக்கே தத்தம் செய்துவிட்டவர்கள்போல் ஓட்டிச் செல்கிறார்கள். இத்தனைக்கும் வண்டியை நடத்துவதில் பாதத்தின் பங்கு அற்பமன்று. வலப் பாதம் பின்பிரேக்கை ஆள்கிறது. இடப் பாதம் கியரை மாற்றுகிறது. மலை இறக்கத்தில் இவ்விரண்டும் ஓயாத வேலை.

நடந்து செல்கிறவனுக்கு நனையாத காலணி, வண்டி ஓட்டுகிறவனுக்கு நனைந்துவிடுவதன் காரணத்தை முதலில் பார்க்கலாம். பெரிய மழைத்துளி தரையை நெருங்கும்போது விநாடிக்குச் சுமார் 9 மீட்டர், அதாவது மணிக்கு ஏறத்தாழ 32 கிலோமீட்டர் வேகத்தில் விழுகிறது; வண்டியோ 40 கிலோமீட்டர் வேகத்தில் அதை எதிர்கொண்டு போகிறது. ஆகவே ஓட்டுகிறவனைப் பொறுத்தவரையில் மழை மேலிருந்து பெய்வதில்லை. முன்னாலிருந்து சாய்ந்து வந்து, காலணியில் மிகவும் பலவீனமான இடமாகிய நாடா கட்டும் திறப்பில் நேராக மோதுகிறது. வண்டியின் வேகத்தில் மட்டும் நேருக்கு நேர் மோதும் நீரின் அழுத்தத்தைக் கணக்கிட்டால், அது சுமார் 6 மீட்டர் உயரமுள்ள நீர்த்தம்பத்தின் அழுத்தத்துக்குச் சமானமாகிறது. குடைத் துணியின் நெருக்கமான நெசவெல்லாம் இதன் முன் எம்மாத்திரம்!

இது வானத்து நீர். சாலை நீரின் கதை இன்னும் சுவாரசியமானது. உருளுகின்ற சக்கரம் தரையைத் தொடும் புள்ளியில், அந்தக் கணத்தில், தரையோடு ஒப்பிட அசைவற்று நிற்கிறது என்பது இயந்திர சாஸ்திரத்தின் வேடிக்கைகளுள் ஒன்று. முன்சக்கரம் அப்புள்ளிக்குச் சற்றுப் பின்னால் கிளப்பிவிடும் நீர், ஆகையால், முன்னோக்கிய வேகம் அதிகமில்லாமல் காற்றில் எழுந்து நிற்க, அடுத்த கணமே பின்னாலுள்ள எஞ்சினும் பாதங்களும் வண்டியின் முழு வேகத்தோடு அதன்மேல் போய் மோதுகின்றன. உயரக் கிளம்பும் நீரை மட்கார்டு தடுத்துவிடும். தாழக் கிளம்புவதோ மட்கார்டின் கீழ் விளிம்புக்கும் சாலைக்கும் இடையேயுள்ள வெளியில் புகுந்து வந்துவிடும். சேறும் சாணமும் எண்ணெயும் கலந்த இந்த நீரே மழையினும் அழுக்கானது. பழைய டயரிலோ டியூபிலோ ஒரு துண்டு வெட்டி, மட்கார்டின் அடியில் இரண்டு போல்ட்டு போட்டு, தரைக்கு ஒரு சாண் உயரம்வரை தொங்கவிட்டால் அதில் பெரும்பகுதி நின்றுபோகும். செலவு அற்பம், பலனோ, கடையில் விலைகொடுத்து வாங்கும் பல சாதனங்களைவிட அதிகம் என்பது என் அபிப்பிராயம்.

மூன்றாவது வழி மிகவும் கபடமானது. மழைக்கோட்டில் வழியும் நீர் தொடையிலும் முழங்காலிலும் சேர்ந்து, கணுக்காலை நோக்கி இறங்குகிறது. சேறு படாதிருக்க வேண்டுமென்று கால்சட்டையைப் பூட்ஸுக்குள் செருகிக்கொள்கிறவர், அந்த நீர் முழுவதையும் தம் கையாலேயே பூட்ஸுக்குள் திருப்பிவிடுகிறார். கூரை வேய்கிறவன் கீழ்வரிசைப் புல்லை முதலில் பரப்பி, மேல்வரிசையின் நுனி அதன்மேல் படியும்படி வேய்வதுபோல, மேலே உள்ள உடை எப்போதும் கீழே உள்ளதன் வெளிப்புறத்தில் படிய வேண்டும்: கோட்டு கால்சட்டையின்மேல், கால்சட்டை பூட்ஸின்மேல். காலுறையின் விளிம்பு பூட்ஸுக்கு வெளியே தலைகாட்டினாலும் போதும். பருத்தி நூலின் நுண்துளைகள் நீரை உறிஞ்சி உள்ளங்கால்வரை கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். தையல் ஊசியிட்ட துளைகளும் அப்படியே. நல்ல மழைக்கால்சட்டையின் உட்புறத்தில் தையல்மீது பட்டையாக ஒட்டியிருக்கும் நாடாவின் உபயோகம் அந்தத் துளைகளை அடைப்பதுதான்.

நீர் புகாத காலணிக்கு ரப்பரை மிஞ்சிய வஸ்து இல்லை. தென்னமெரிக்கப் பழங்குடியினர் ரப்பர்ப் பாலை அச்சுகளில் பூசிப் புகையில் உலர்த்திக் காலணி செய்துவந்தார்கள். 1823இல் சார்லஸ் மாக்கின்டாஷ் இரண்டு துணிகளுக்கிடையே ரப்பரை வைத்து மழைக்கோட்டுத் துணிக்கு உரிமைப்பத்திரம் பெற்றார். ஆனால் அக்காலத்து ரப்பர் வெயிலில் இளகும், குளிரில் வெடிக்கும். 1839இல் சார்லஸ் குட்இயர் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கி அந்தச் சுபாவத்தை மாற்றினார். 1853இல் ஹைராம் ஹட்சின்சன் பிரான்சில் ஆலை வைத்துக் குடியானவர்களுக்காக ரப்பர்ப் பூட்ஸ் செய்யலானார். இன்று நம் ஊர்க் கடைகளில் கம்பூட்ஸ் என்று விற்பது அந்தப் பரம்பரைதான்.

எனினும் நீர் உட்புகாத பூட்ஸிலிருந்து நீர் வெளியேறவும் முடியாது. உள்ளங்காலில் வியர்வைச் சுரப்பிகள் நெருங்கி அமைந்திருப்பதால், கள்ளக்குறிச்சியின் புழுக்கத்தில் ஒரு மணி நேரம் ரப்பருக்குள் இருந்த பாதம், மழையில் நனைந்ததைப்போலவே ஈரமாகிவிடுகிறது. இதற்குப் பரிகாரமாகப் பின்னர் அமைந்த ஒரு சவ்வை 1969இல் அமெரிக்காவில் பாப் கோர் கண்டுபிடித்தார். அதன் நுண்துளைகளில் நீர்த்துளி நுழையாது. நீராவி மட்டும் வெளியேறும். விலையுயர்ந்த பிரயாண பூட்ஸுகளில் இது இருக்கிறது. ஆனால் உள்ளே ஈர ஆவி மிகுந்தும் வெளியே குறைந்தும் இருந்தால்தான் இந்த வித்தை பலிக்கும். காற்றே ஈரத்தால் நிறைந்து, பூட்ஸின் மேல்தோலும் ஊறிவிட்ட அடைமழையில் சவ்வு மூச்சுவிடாது. மலைமேல் அதற்குக் கொஞ்சம் மதிப்புண்டு. சமவெளியில் கொடுத்த விலைக்குத் தகாது.

மலையில் ஈரப் பாதத்தின் துன்பம் வேறு விதம். 2000 முதல் 3000 அடிவரை உயர்ந்த அந்தப் பீடபூமியில் உஷ்ணம் கீழேயிருப்பதைவிட நான்கைந்து டிகிரி குறைவு. அதோடு, ஒரு கிராம் நீர் தோலிலிருந்து ஆவியாகும்போது கவர்ந்துகொள்ளும் வெப்பம், அரை லிட்டருக்கும் மேற்பட்ட நீரை ஒரு டிகிரி குளிர்விக்கப் போதுமானது. எதிர்காற்றில் இது இடைவிடாமல் நடப்பதால் விரல்கள் மரத்துப்போகின்றன. மரத்த பாதத்துக்குப் பிரேக்கை எவ்வளவு அழுத்தியிருக்கிறோம் என்பது தெரிவதில்லை. கொண்டையூசி வளைவில் அபாயம் அங்கேதான் பிறக்கிறது. நாள்தோறும் ஈரத்தில் ஊறினால் விரலிடுக்கில் சேற்றுப்புண் வரும் என்பதை நடவு நட்டவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. முதல் உலக யுத்தத்தில் பதுங்குகுழிகளில் நின்ற பிரிட்டிஷ் சிப்பாய்கள், பாதம் அழுகாதிருக்கத் திமிங்கில எண்ணெய் பூசிக் காலுறையை மாற்றிக்கொள்ள வேண்டுமென்பது ராணுவ உத்தரவாகவே இருந்தது.

காலணிக்கு மேல் மாட்டிக்கொள்ளும் மழையுறைகளைப் பலர் சிபாரிசு செய்வார்கள். அவற்றுள் பழையது ஒன்றைக் கையிலெடுத்துப் பாருங்கள்: இடக்கால் உறையில், பெருவிரலின் மேற்புறத்தில், காசளவு ஒரு கிழிசல் இருக்கும். கியரை மேலே தூக்கும் ஒவ்வொரு தடவையும் லீவர் உராய்ந்த இடம் அது. அவ்விடத்தில் பஞ்சர் ஒட்டும் ரப்பரை முன்கூட்டியே ஒட்டிவிட்டால் ஆயுள் கூடும். அடிப்பாகம் வழவழப்பாக உள்ள உறையை மாத்திரம் வாங்கவே கூடாது. நனைந்த ஃபுட்ரெஸ்டில் அது நிற்காது. 1946இல் இத்தாலியில் விமானப் பொறியாளர் கொர்ராதினோ தஸ்கானியோ வெஸ்பா ஸ்கூட்டரை வகுத்தபோது, காலுக்கு முன்னால் தகட்டுக் கேடயம் வைத்து, கியரையும் கைக்கு மாற்றி, இந்தத் தொல்லை முழுவதையும் ஒரேயடியாகத் தீர்த்தார். சிறு சக்கரம் மட்டும் நம் மலைச்சாலைக் குழிகளுக்கு ஒத்துவருவதில்லை.

செருப்பு நனைந்தால் நனையட்டும், காய்ந்துவிடும் என்று வாதிப்பவர்களை நான் அறிவேன். சமவெளித் தூறலுக்கு அது சரி. மலைப்பாதையில் வண்டி சரிந்தால் விரலைக் காக்க அதில் ஒன்றுமில்லை. கல்வராயன் மலைக்கு மழைக்காலத்தில் ஏறுகிறவர்கள் அடி கரடுமுரடான ஒரு சாதாரண ரப்பர்ப் பூட்ஸ் வாங்கிக்கொள்ளுங்கள். கால்சட்டையை அதன் வெளியே விடுங்கள். உலர்ந்த காலுறை ஒரு ஜோடியைப் பாலித்தீன் பையில் முடிந்து வைத்துக்கொண்டு, வெள்ளிமலை சேர்ந்ததும் காலைத் துடைத்து மாற்றுங்கள். தோல் பூட்ஸ் போட்டு நனைந்துவிட்டால், அதைச் சைலன்சரருகே வைத்துக் காயவைக்காதீர்கள், தோல் விறைத்து வெடித்துவிடும். பழைய செய்தித்தாளை உள்ளே திணித்து, நிழலில் வைத்து, தாள் ஊறியபோதெல்லாம் மாற்றினால் போதும்.