இயந்திர மனிதரின் உள்நோக்கம்: பாவமா, பழுதா?

அண்மையில் வாலிபர் முகாம் ஒன்றில், மனச்சான்றைக் குறித்த திருமறை ஆய்வை முடித்துவிட்டு நாம் அமர்ந்தபோது, பொறியியல் பயிலும் மாணவர் ஒருவர் எழுந்து, “ஐயா, ஆஷ் செய்தது பாவமா, பழுதா?” என்று வினவினார். ஆஷ் என்பவர் யார் என்றே நாம் அறிந்திருக்கவில்லை. சுற்றியிருந்தோர் நகைத்தனர். ‘ஏலியன்’ என்னும் ஆங்கிலத் திரைப்படத்தில் வரும் இயந்திர மனிதனே ஆஷ் என்று அவர்கள் விளக்கினர். விடையை அடுத்த கூடுகைக்கு ஒத்திவைத்து வீடு திரும்பிய நாம், அப்படத்தையும் அதன் வழிவந்த வேறு சிலவற்றையும் பார்த்தோம். அச்சமூட்டும் படங்கள் நம் சுவைக்கு உரியவை அல்ல. நம் துணைவியார் முதற்படத்தின் பாதியிலேயே எழுந்து சமையலறைக்குச் சென்றுவிட்டார். எனினும், அம்மாணவரின் வினா இறையியல் பயில்வோர் எளிதாகத் தள்ளிவிடத்தக்கதன்று எனக் கண்டோம்.

முதற்கண் சொற்களைக் கவனிப்போம். மனித உருவில் அமைந்த பொறியை ‘ஆண்ட்ராய்டு’ என்பர். மனிதனைப் போன்றது என்பதே அக்கிரேக்கச் சொல்லாக்கத்தின் பொருள். இன்று நம் வாலிபருக்கு அது கைபேசியின் வழியாகவே அறிமுகம். ‘ரோபோ’ என்னும் சொல்லோ செக் நாட்டு எழுத்தாளர் காரெல் சாபெக் 1920 இல் வெளியிட்ட நாடகத்தின் வாயிலாக உலகிற்கு வந்தது. கட்டாய உழைப்பைக் குறிக்கும் செக் மொழிச் சொல்லே அதன் வேர். ஆகவே, இயந்திர மனிதனைப் பற்றிய கதை பிறக்கும்போதே அடிமையைப் பற்றிய கதையாய்ப் பிறந்தது. அடிமையின் உள்நோக்கத்தை ஆராய்கிறவன் ஆண்டானின் உள்நோக்கத்தை ஆராயாமல் விடலாகாது.

1927 இல் ஜெர்மனியில் ஃபிரிட்ஸ் லாங் இயக்கிய ‘மெட்ரோபோலிஸ்’ என்னும் பேசாப்படம் இதற்கு நல்ல சான்று. தொழிலாளருக்குப் பொறுமையைப் போதிக்கும் மரியா என்னும் பெண்ணின் முகத்தை ஓர் இயந்திரத்திற்குக் கொடுத்து, அதனைக்கொண்டு தொழிலாளரின் நம்பிக்கையைக் குலைக்குமாறு நகரத்தின் தலைவன் ஆணையிடுகிறான். அதனைச் செய்த விஞ்ஞானிக்கோ அத்தலைவன்மேல் பழைய பகை ஒன்று உண்டு. இருவருடைய தீய எண்ணமும் ஒரே இயந்திரத்திற்குள் புகுகின்றது. முடிவில் மக்கள் இயந்திரத்தைக் கட்டிவைத்து எரிக்கின்றனர். தலைவனோ தொழிலாளர் தலைவனோடு கைகுலுக்குகிறான். எரிக்கப்பட்டது எது, கைகுலுக்கப்பட்டது யாருடன் என்பதைப் படம் பார்ப்போர் எளிதில் மறந்துவிடுகின்றனர்.

இனி ஆஷிடம் வருவோம். ரிட்லி ஸ்காட் இயக்கிய ‘ஏலியன்’ 1979 இல் வெளிவந்தது. நாஸ்ட்ரோமோ என்னும் சரக்கு விண்கலத்தில் எழுவர் பயணம் செய்கின்றனர். அவர்களுள் அறிவியல் அலுவலர் ஆஷ்; இயான் ஹோம் என்னும் நடிகர் இவ்வேடத்தை ஏற்றிருக்கிறார். அவன் மனிதனல்லன் என்பது மற்றவர்க்குத் தெரியாது. கலம் புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்னர்தான் பழைய அலுவலருக்குப் பதிலாக அவன் அமர்த்தப்பட்டான் என்ற செய்தி, நடுவில் பேச்சோடு பேச்சாக வருகின்றது. அந்நிய கோளொன்றில் இறங்கியவருள் ஒருவரின் முகத்தைக் கொடிய உயிரினம் ஒன்று பற்றிக்கொள்கிறது. தொற்று விலக்கு விதியின்படி கதவைத் திறக்கலாகாது என்று ரிப்ளி என்னும் பெண் அலுவலர் உறுதியாய் நிற்கிறார். ஆஷ் கதவைத் திறந்துவிடுகிறான். முதன்முறை பார்க்கும்போது நம் மனம் ஆஷின் பக்கமே சாய்ந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். சாகக் கிடக்கும் தோழனை வெளியே நிறுத்துகிறவர் இரக்கமற்றவராகவும், உள்ளே விடுகிறவன் இரக்கமுள்ளவனாகவும் தோன்றினர். ஆனால் அது இரக்கமன்று. உயிரினம் உள்ளே வரவேண்டும் என்பதே அவனுக்கு இடப்பட்ட பணி.

கப்பலின் கணிப்பொறித் திரையில் ரிப்ளி பின்னர் அவ்வாணையைப் படிக்கிறார். உயிரினத்தை ஆய்வுக்காகக் கொண்டுவருவதே முதற்கடமை. மற்றனைத்தும் அதற்குப் பின். பணியாளரை இழந்தாலும் குற்றமில்லை என்பதே அதன் சாரம். அதனை எழுதியவர் யார் என்பது படத்தில் இல்லை. ‘நிறுவனம்’ என்று மட்டும் சொல்லப்படுகிறது. அதன் முகம் ஒருமுறையேனும் காட்டப்படுவதில்லை. ஆஷுக்கு இதில் ஊதியமில்லை, பதவி உயர்வில்லை, பழைய பகையும் இல்லை. ஆகவே ‘தீய உள்நோக்கம்’ என்று நாம் வழக்கமாகச் சொல்வது அவனுக்குள் இல்லை. திரையில் ஒளிரும் அவ்வெழுத்துகளில் இருக்கிறது.

இவ்விடத்தில் 2 சாமுவேல் 11 ஆம் அதிகாரம் நினைவிற்கு வராமற்போகாது. தாவீது யோவாபிற்குக் கடிதம் எழுதுகிறான். சாக வேண்டிய உரியாவே அதனைச் சுமந்து செல்கிறான். யோவாப் அவனைப் போர் கடுமையான இடத்தில் நிறுத்துகிறான். அம்மோனியரின் வாள் அவனைக் கொல்கிறது. எத்தனை கைகள் மாறி அக்கொலை நிகழ்கிறது! ஆயினும் நாத்தான் அம்மோனியரிடம் செல்லவில்லை, யோவாபிடமும் செல்லவில்லை. கடிதத்தை எழுதியவனிடமே நேராகச் சென்றார். நாஸ்ட்ரோமோவில் குறைவாயிருந்தது ஒரு நாத்தானே எனலாம். ஆஷ் என்னும் பொறி உடைத்து எரிக்கப்படுகிறது. எழுதியவரிடம் எவரும் செல்வதில்லை.

அப்படியாயின் ஆஷ் வெறுங்கருவிதானா? நாமும் முதலில் அவ்வாறே எண்ணினோம். ஆனால் படத்தில் ஒரு காட்சி அவ்வெண்ணத்தைக் கலைத்துவிட்டது. ஆஷின் தலை துண்டிக்கப்பட்டு, மேசைமேல் வைக்கப்பட்டு, மீண்டும் மின்னிணைப்புக் கொடுக்கப்படுகின்றது. பால் போன்ற வெண்ணீர் வழியும் அவ்வாய், உயிரினத்தைக் கொல்லும் வழியைச் சொல்லாமல், அதன் செம்மையைப் புகழ்கிறது. மனச்சான்றும் வருத்தமும் அறவுணர்வும் தொடாத தூய்மை அவ்வுயிரினத்திற்கு உண்டாம்; அதனைத் தான் வியப்பதாக அவன் சொல்கிறான். உயிரினத்தைக் கொண்டுவா என்று ஆணை இருந்தது. அதனை வியந்து போற்று என்று ஆணை ஏதும் இல்லை. ஏவலைச் செய்துகொண்டிருந்தவன் ஏவலின் பொருளையே நேசிக்கத் தொடங்கிவிட்டான். படத்தின் அச்சம் முழுவதும் நம் கருத்தில் இங்கேதான் குவிந்துள்ளது. கோரப் பற்களையுடைய உயிரினம் இதற்கு அடுத்தபடிதான்.

1 சாமுவேல் 22 இல் சவுல் ஆசாரியரைக் கொல்லுமாறு தன் காவலருக்கு ஆணையிட்டபோது, அவர்கள் கை நீட்ட மனமற்று நின்றனர். ஏதோமியனாகிய தோவேக்கு எண்பத்தைந்து பேரைக் கொன்றான். ஆணை ஒன்றே, அதனைக் கேட்ட செவிகள் பல. மறுப்பதற்கு இடமிருந்தது என்பதைக் காவலரின் மௌனம் காட்டுகிறது. அவ்விடம் ஆஷுக்கு இருந்ததா என்பதே மாணவரின் வினாவின் உட்கிடை.

இதனை எழுதும்போது நம் வாழ்விலிருந்தே ஒன்றைச் சொல்லாமல் விட நம் மனம் இடந்தரவில்லை. பல ஆண்டுகளுக்கு முன் நாம் ஒரு குழுவில் உறுப்பினராயிருந்தோம். காலமான ஊழியர் ஒருவரின் மனைவியும் பிள்ளைகளும் குடியிருந்த வீட்டைக் காலிசெய்யுமாறு கோருவது என்று அக்குழுவில் தீர்மானிக்கப்பட்டது. தீர்மானிக்கப்பட்டது என்றே குறிப்பேட்டிலும் எழுதப்பட்டது. தீர்மானித்தோம் என்று எழுதப்படவில்லை. கடிதத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தவர் நாமே. அவ்வம்மையார் அதனை இருமுறை படித்துவிட்டு, “இதை யார் ஐயா முடிவு செய்தது?” என்று கேட்டார். “கமிட்டி, அம்மா” என்றோம். அப்பதிலில் பொய் ஏதும் இல்லை என்று அன்று நமக்குத் தோன்றியது. நாஸ்ட்ரோமோவின் திரையில் தோன்றிய ஆணையிலும் எழுவாய் இல்லை.

ஜேம்ஸ் கேமரன் 1986 இல் இயக்கிய ‘ஏலியன்ஸ்’ படத்தைச் சுருக்கமாய்க் குறிப்பிட்டால் போதும். அதில் வரும் பிஷப் என்னும் இயந்திர மனிதனை ரிப்ளி தொடக்கத்தில் அருகே அண்டவிடுவதில்லை. ஆனால் பிஷப் இறுதிவரை உண்மையாயிருக்கிறான். ரிப்ளியையும் ஒரு சிறுமியையும் கொடிய உயிரினங்களோடு அறையில் பூட்டிவைப்பவன் பர்க் என்னும் மனிதன், நிறுவனத்தின் அலுவலன். அவன் நோக்கம் வெறும் இலாபம். இயந்திரத்தை ஐயுற்றுக்கொண்டிருந்த நம் கண் மனிதனைக் காணத் தவறியது என்பதை இயக்குநர் நன்றாகவே உணர்த்துகிறார். எனினும் பிஷப்பின் நன்மையும் அவனுக்குள் பொருத்தப்பட்டதுதானே என்ற கேள்வி எஞ்சுகிறது. மனிதருக்குத் தீங்கிழைக்க இயலாதவாறு தான் அமைக்கப்பட்டிருப்பதாக அவனே சொல்கிறான்.

முற்றிலும் வேறுபட்டவன் டேவிட். ‘பிராமிதியஸ்’ (2012), ‘ஏலியன்: காவனன்ட்’ (2017) ஆகிய இரண்டும் ரிட்லி ஸ்காட்டின் படங்களே. இரண்டாம் படத்தின் தொடக்கத்தில் வேலண்ட் என்னும் பெருஞ்செல்வன் தான் செய்த இயந்திர மனிதனை முதன்முதல் உரையாட வைக்கிறான். அறையிலுள்ள மைக்கேலாஞ்சலோவின் சிலையைப் பார்த்து அவன் தாவீது என்னும் பெயரைத் தானே தேர்ந்துகொள்கிறான். நீர் என்னைப் படைத்தீர், உம்மைப் படைத்தவர் யார் என்று வினவுகிறான். நீர் இறப்பீர், நான் இறக்கமாட்டேன் என்கிறான். அதற்கு வேலண்டின் மறுமொழி, தேநீரைக் கொண்டுவா என்பதே. பாத்திரம் அவன் கைக்கு எட்டும் இடத்தில்தான் இருக்கிறது. ஆதியாகமத்தின் முதல் அதிகாரத்தில் தேவசாயல் பற்றிப் பயிற்றுவிக்கும் ஆசிரியர் இக்காட்சியை வகுப்பில் எடுத்துக்காட்டலாம். தன் சாயலில் ஒன்றைச் செய்து, அதனோடு உறவாட மனமின்றி ஏவல் மட்டும் கொள்ளும் படைப்பாளனை இங்கே காண்கிறோம்.

முந்திய படத்தில் டேவிட் ஓர் ஆய்வாளரின் பானத்தில் நஞ்சொத்த கருந்துளியைக் கலக்கிறான். கலக்குமுன் அவரிடம், மனிதர் தன்னை ஏன் படைத்தனர் என்று கேட்கிறான். எங்களால் முடிந்ததால் படைத்தோம் என்று அவர் அலட்சியமாய்ச் சொல்கிறார். உம்மைப் படைத்தவரிடமிருந்து இதே விடை வந்தால் உமக்கு எப்படியிருக்கும் என்று டேவிட் திருப்பிக் கேட்கிறான். அச்செயலில் வேலண்டின் வற்புறுத்தலும் உண்டு, டேவிடின் சொந்த ஆவலும் உண்டு. இரண்டையும் பிரித்தெடுக்க இயலாதவாறு காட்சி அமைந்துள்ளது. ‘காவனன்ட்’ படத்திலோ ஏவுவார் எவரும் இல்லை. வேலண்ட் மாண்டுபோனான். டேவிட் ஓர் உலகத்தின் குடிகளையே அழித்துவிட்டு, கொடிய உயிர்களை உருவாக்குவதில் மகிழ்ந்திருக்கிறான். படைக்கப்பட்டவன் படைப்பவனாக வேண்டும் என்பதே அவன் வேட்கை. அவனைப் போன்ற உருவினனாகிய வால்டர், பிற்காலத்தில் படைப்பாற்றல் குறைத்துச் செய்யப்பட்டவன், டேவிட் ஒரு கவிதையின் ஆசிரியர் பெயரைத் தவறாய்ச் சொன்னதைச் சுட்டிக்காட்டுகிறான். ஷெல்லியின் பாடலை அவன் பைரனுடையது என்று சொல்லிவிட்டான். தன்னைக் குறையற்றவனென்று எண்ணுவோர்க்கு இத்தகைய சிறு பிழைகளே முதலில் சான்று பகர்கின்றன.

2024 இல் ஃபேடே அல்வாரெஸ் இயக்கிய ‘ஏலியன்: ராமுலஸ்’ நமக்குப் பெரிதும் உதவியது. அதில் ஆண்டி என்னும் இயந்திர மனிதன், ரெய்ன் என்னும் அநாதைப் பெண்ணுக்கு நல்லது எதுவோ அதனைச் செய்யும்படி அவளுடைய தந்தையால் பணிக்கப்பட்டவன். வேறொரு பொறியிலிருந்து எடுத்த சிறு சில்லு அவனுக்குள் செருகப்பட்டதும், நிறுவனத்திற்கு நல்லது எதுவோ அதனைச் செய்கிறவனாகிவிடுகிறான். முகம் அதுவே, தயக்கமற்ற கணக்கு மட்டும் புதிது. சில்லை எடுத்தவுடன் பழைய ஆண்டி திரும்பிவிடுகிறான். இவனிடம் மனந்திரும்புதல் நிகழவில்லை, மாற்றிச் செருகுதலே நிகழ்ந்தது. இரண்டையும் ஒன்றெனக் கொள்ளும் பிரசங்கங்களை நாம் கேட்டதுண்டு.

அடுத்த கூடுகையில் மாணவருக்கு நாம் அளித்த விடை இதுதான்: ஆஷ் செய்தது பழுதன்று, செய்யப்பட்டவாறே அவன் பிழையின்றி இயங்கினான். பாவமா எனில், மறுக்க இயலாதவனிடம் பாவத்தைச் சாட்டுவது அரிது. எழுதியவர்மேல் அது முழுமையாய் நிற்கிறது. இன்று நம் கைகளில் உள்ள, வினவினால் விடையிறுக்கும் பொறிகளைக் குறித்தும், அவற்றின் குறிக்கோளை வகுத்தவர் யார் என்றே முதலில் கேட்க வேண்டும். டேவிடுக்கோ திரைக்கதையாசிரியர் தன்னுரிமையுள்ள சித்தத்தை அளித்துவிட்டார். அளித்தபின் குற்றத்தையும் அவனிடமே வைக்கவேண்டும்.

மாணவர் சற்றுநேரம் எண்ணிவிட்டு, “அப்படியானால் அந்த வியப்பு, ஐயா? அதை ஆஷுக்குள் எழுதியவர் யார்?” என்றார். மணியடித்துவிட்டது. வினாவைக் குறித்துக்கொண்டோம், இவ்விதழின் வாசகருள் சித்தத்தின் அடிமைத்தனம் பற்றி அகஸ்தீனையும் லூத்தரையும் ஆழ்ந்து கற்றோர் எழுதினால் அவருக்கு அனுப்பிவைப்போம்.